ஊர் பேர் சொல்லாத அக்கா

தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் போனுக்கு ரேஞ்ச் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். மேல்வரிசை வீடுகளைத் தாண்டிப் பாதை வளைகிற முனையில் ஒரு சிமெண்ட் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதன் பக்கத்தில் நின்றால் மூன்று கோடு வரும். திருப்பூரில் வேலை பார்க்கும் மகனோடு பேசுகிறவர்கள், பரீட்சை முடிவு பார்க்கிறவர்கள், நாத்தனாரோடு சண்டை போடுகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள். அதனால் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பது தொட்டியடியில் எல்லோருக்கும் தெரியும். அக்காவைப் பற்றி மட்டும் யாருக்கும் ஒன்றும் தெரியாது. இத்தனைக்கும் அங்கே அதிகம் பேசியவர் அவர்தான்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்பதையும் எழுத மாட்டேன். இரண்டையும் எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தார். பள்ளிவாசல் என்கிற ஊருக்குக் கீழே ஒரு ரிசார்ட்டில் அறைகளைச் சுத்தம் செய்கிற வேலை. கணவர் சுற்றுலா வருகிறவர்களுக்கு ஜீப் ஓட்டினார். அக்கா பத்தாவது வரை படித்தவர். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. நாலு மணிக்கு வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேராகத் தொட்டிக்கு வருவார். முதல் வேலையாகச் சுடிதாரில் குத்தியிருக்கும் ரிசார்ட் பேட்ஜைக் கழற்றிச் சோற்றுப் பைக்குள் போடுவார். பிறகு தொட்டிச் சுவருக்கு முதுகு கொடுத்து ஒரு கல்லில் உட்கார்ந்து, பின்னால் வெறும் சுவரைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லையே என்று போனில் ஒரு முறை பார்த்துக்கொள்வார். அதற்கப்புறம் முன்பின் தெரியாத ஆட்களோடு வீடியோவில் இங்கிலீஷ் பேசத் தொடங்குவார்.

இங்கிலீஷ் பழக விரும்புகிற இரண்டு பேரை உலகத்தின் எந்த மூலையிலிருந்தாவது பிடித்துச் சேர்த்துவைக்கிற ஆப் அது. எதிரில் யார் வருவார்கள் என்று முன்கூட்டித் தெரியாது. கிழவர் வருவார், கல்லூரிப் பெண் வருவாள், சமையல்காரர் வருவார், சட்டை போடாதவனும் வருவான். லயத்தில் அக்காவுக்கு ‘வீடியோக்காரி’ என்று பேர். அந்தப் பேரை வைத்தவர்களில் நானும் ஒருவன்.

நான் அப்போது தேயிலை பேக்டரி ஆபீசில் கிளார்க். வயது முப்பத்தாறு, கல்யாணம் ஆகவில்லை. வயதான அம்மாவோடு இருந்தேன். சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பைபிள் வாசகம் வாசிப்பவன் நான்தான். எல்லோரிடமும் மரியாதையாக நடப்பவன் என்று எனக்கு நல்ல பேர் உண்டு. அந்தப் பேரில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அக்காவுக்கு எதற்கு இந்த வயதில் இங்கிலீஷ் என்று ஒருநாள் கிண்டலாகத்தான் கேட்டேன். அவர் கிண்டலை விட்டுவிட்டுக் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னார். ரிசார்ட்டில் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டு அம்மாள் தொண்டையைத் தொட்டுக் காட்டி என்னவோ சொல்லியிருக்கிறார். அக்கா வெந்நீர் கேட்கிறார் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டு ஓடியிருக்கிறார். சாப்பிட்டது எதுவோ ஒத்துக்கொள்ளாமல் தொண்டை வீங்கி, மூச்சு அடைத்துக்கொண்டிருந்தது அந்த அம்மாளுக்கு. வாசலில் நின்ற ஒரு டிரைவர் புரிந்துகொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் பிழைத்தார். ஊருக்குப் போகும்போது அக்காவின் கையைப் பிடித்துச் சிரித்துவிட்டுத்தான் போனாராம்.

“அந்தம்மா சாகக் கெடந்து என்னயப் பாத்துச் சொல்லுது தம்பி. நான் தலைய ஆட்டுறேன்” என்றார் அக்கா.

அப்படித் தொடங்கியது. ஆனால் போகப் போக அவருக்கு அது பிடித்துப்போய்விட்டது. பயந்து பயந்து பேசுகிறவர் என்று அவரை யாரும் நினைத்துவிட வேண்டாம். எதிரில் வருகிற மனிதர்களை அவர் ரசித்தார். யாரோ ஒருவர் வீட்டில் ரொட்டி சுடுவதைப் பார்த்து வாய்விட்டுச் சிரிப்பார். உங்கள் ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது, காட்டுங்கள் என்று கேட்பார். ஒட்டகம் பார்த்திருக்கிறார், உறைந்துபோன ஏரி பார்த்திருக்கிறார். பார்த்ததைக் கணவரிடம் வந்து சொல்வார். அந்த மனிதர் நாள் முழுக்கச் சுற்றுலா ஆட்களிடம் பேசிக் களைத்தவர், இருந்தாலும் கேட்டுக்கொள்வார். ஜீப் ஸ்டாண்டில் யாரோ அவரிடம், உன் பெண்டாட்டி கண்டவனோடு பேசுகிறாளே என்று கேட்டபோது, நானும் கண்டவனோடுதானே தினமும் பேசிப் பிழைக்கிறேன் என்றாராம்.

எவ்வளவு ரசித்தாலும் அக்கா தன் பக்கத்திலிருந்து கொடுப்பது கொஞ்சம்தான். அங்கே பேசுவதற்கென்று ஒரு பேர் வைத்திருந்தார். எந்த ஊர் என்று கேட்டால் மழை அதிகம் பெய்கிற ஊர் என்பார். எங்கே வேலை என்றால் வீடு துடைக்கிற வேலை என்பார். அந்தப் பேரைத் தவிர வேறு பொய் சொல்ல அவருக்கு வராது. ஆனால் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று அவர் நினைத்ததில்லை. வாட்ஸ்அப் நம்பர் கேட்டால் இல்லை என்று தலையசைப்பார். இரண்டாவது முறை கேட்டால் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிடுவார். எதிரில் இருப்பவன் பாதி வாக்கியத்தில் இருப்பான். அக்கா பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றிக்கொண்டிருப்பார்.

ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைத்தால் என்ன என்று நான் கேட்டேன். எனக்கு அது பெரிய மரியாதைக் குறைவாகப் பட்டது.

“எதுக்குச் சொல்லணும்? அவுக வீட்டு விருந்துக்கா போயிருக்கேன்?”

இன்னொரு பழக்கமும் இருந்தது. எதிரில் தெரிகிற முகம் சந்தேகமாக இருந்தால், இடது கையால் வலது காதைத் தொடுங்கள் என்பார். விளையாட்டு போலக் கேட்பார். நல்லவர்கள் சிரித்துக்கொண்டே தொடுவார்கள். சிலருடைய முகம் மட்டும் தன்பாட்டுக்குச் சிரித்துக்கொண்டே இருக்கும், கை மேலே வராது. ஏற்கெனவே எடுத்த வீடியோவை ஓடவிட்டுப் பின்னால் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம். இதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். ரிசார்ட்டில் ஒரு மூங்கில் திரை தொங்குகிறதாம், அதில் ஒரு பெண் படம். அறை துடைக்கும்போதெல்லாம் அவள் தன்னையே பார்ப்பது போல இருக்கும், ஆனால் நகர்ந்து நின்றாலும் அதே இடத்தைத்தான் பார்ப்பாள் என்றார். அதற்கு மேல் விளக்கம் இல்லை.

இந்தக் கண்டிப்பால் அவருக்கு ஒரு நஷ்டமும் வந்தது. குளிர் நாடு ஒன்றில் ஒரு பெண், அக்கா வயதுதான், அவளுக்கும் இங்கிலீஷ் அரைகுறை. இரண்டு வருஷம் வாரத்துக்கு இரண்டு நாள் பேசினார்கள். அவள் பனியைக் காட்டுவாள், இவர் மழையைக் காட்டுவார். இருவருக்கும் அடுத்தவர் ஊர் தெரியாது. ஒருநாள் அந்தப் பெண், எனக்கு ஆபரேஷன் நடக்கப்போகிறது, உன் நிஜப் பேரைச் சொல், வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டாள். அக்கா தயங்கினார். அவள் மறுபடியும் கேட்டாள். கை தன்னால் போய் அமுக்கிவிட்டது. அதற்குப் பிறகு அவள் வரவேயில்லை.

இதை அக்கா என்னிடம் சொல்லும்போது அழுதார். அழுகிற அக்காவை அன்றுதான் பார்த்தேன். அவள் மறுபடி வந்து கேட்டால் சொல்வீர்களா என்று கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சொல்ல மாட்டேன்னுதான் நெனைக்கிறேன்” என்றார். எனக்கு அது கல்நெஞ்சமாகத் தெரிந்தது. பேரைச் சொல்வதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

எனக்குப் பேஸ்புக்கில் ஒரு பெண் நட்பு கேட்டு வந்தாள். கோயம்புத்தூரில் டீச்சர் என்றாள். ஒரு வாரம் எழுதிக்கொண்டிருந்தாள். அம்மாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று தினமும் கேட்பாள். என்னை அப்படி யாரும் விசாரித்து வெகுநாளாகியிருந்தது. பேக்டரி, கோயில் எல்லாம் நானே சொன்னேன், எடுத்துக்கொண்ட போட்டோக்களையும் அனுப்பினேன். பிறகு ஒரு விடுமுறை நாள் மதியம், ரேஞ்ச் கிடைக்கிற பேக்டரி ஆபீசில் நான் தனியாக இருந்த நேரம், வீடியோவில் கூப்பிட்டாள்.

அவள் முகம் பார்க்கத்தான் எடுத்தேன். அரை நிமிடத்தில் அது வேறு மாதிரி போயிற்று. வைத்துவிட வேண்டும் என்று தெரிந்தது. ஒரு பெண்ணின் முகத்தில் அடித்தாற்போல வைப்பதா என்று ஒரு மனசு. அப்படிச் சொல்லிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தது இன்னொரு மனசு. அவள் சொன்னதைக் கேட்டு நானும் சட்டையைக் கழற்றினேன். காதைத் தொடச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

பத்து நிமிடத்தில் ஒரு ஆணின் குரலில் செய்தி வந்தது. எல்லாம் பதிவாகியிருக்கிறது என்றது. கூடவே எங்கள் பங்குக் கோயில் வாட்ஸ்அப் குரூப்பின் பேர், அத்தையின் மகன் பேர், பேக்டரி மானேஜர் பேர் என்று ஒரு பட்டியல். பணம் அனுப்பாவிட்டால் அத்தனை பேருக்கும் போகும். அனுப்பினேன். மறுநாள் காலையில் இரண்டு மடங்கு கேட்டார்கள்.

அன்று சாயங்காலம் பனிமஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது. நான் போனை வீட்டில் அரிசிப் பானைக்குள் போட்டு மூடிவிட்டு, தொட்டியைத் தாண்டி நடந்தேன். தொட்டிக்கு அப்பால் நேரே பாதை கிடையாது, செங்குத்தான சரிவுதான். என்ன செய்யப் போனேன் என்று இன்றைக்கும் எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாது என்பது மட்டும் தெரிந்தது.

அக்கா யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். நான் அவரைக் கடந்து நாலு எட்டு வைத்ததும் பேச்சு நின்றது.

“தம்பி, போன் எங்க?”

நான் நின்றேன். தொட்டிக்கு வருகிற யாரும் கையில் போன் இல்லாமல் வந்ததில்லை என்று பிறகு சொன்னார், அதனால்தான் கூப்பிட்டாராம். அக்கா எழுந்து வந்து, என் சட்டைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து தன் கல்லில் உட்கார வைத்தார். பிளாஸ்க் மூடியில் டீ ஊற்றிக் கொடுத்தார். குடித்து முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு, “போன்ல யாராச்சும் மிரட்டுறாய்ங்களா?” என்று கேட்டார். நான் தலையாட்டினேன்.

என்ன செய்தாய் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து, பானையிலிருந்து போனை எடுத்து, அரிசியைத் தட்டிவிட்டார். அவர்கள் அனுப்பிய செய்திகளை மட்டும் படித்தார். அவர்கள் அனுப்பியிருந்த வீடியோ மேலேயே இருந்தது. அதைத் தொடவில்லை. “இத நான் பாக்க வேண்டியதில்ல” என்றார்.

பிறகு போனோடு என்னைத் திரும்பத் தொட்டிக்குக் கூட்டிப்போய் வேலையை ஆரம்பித்தார். இனி ஒரு காசு அனுப்பக்கூடாது, கெஞ்சியோ திட்டியோ ஒரு வரி பதில் போடக்கூடாது என்றார். எதையும் அழிக்கக்கூடாது, எல்லாவற்றையும் படம் பிடித்து வைக்க வேண்டும், பணம் போன கணக்கு நம்பர் உட்பட. பேஸ்புக்கில் என் நண்பர்கள் பட்டியலை வெளியாள் பார்க்க முடியாதபடி மூடச் சொன்னார். அப்புறம் அவர்களை பிளாக் செய்ய வைத்தார். அன்றைக்கே சைபர் போலீஸ் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டு நான் பேசும்வரை பக்கத்தில் நின்றார்.

இதெல்லாம் சுலபம். அடுத்து அவர் சொன்னதுதான் என்னால் ஆகாததாக இருந்தது. அவன் அனுப்பும் முன் நானே எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும் என்றார். மாட்டேன் என்றேன். அம்மா செத்துவிடுவார் என்றேன்.

“அம்மாவ எனக்குத் தெரியும், நீங்க இல்லாட்டித்தான் சாவாக. சொல்லிட்டீகன்னா அவன் கையில என்ன இருக்கு?”

அம்மாவிடம் நான்தான் சொன்னேன். அம்மா, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார். பங்கு குரூப்பில் போட, என் முகத்தை ஒட்டிப் பொய்யாகச் செய்த வீடியோ என்று எழுதினேன். அக்கா அந்த வரியை எடுக்கச் சொன்னார். பொய்யும் வேண்டாம், முழுக்கதையும் வேண்டாம் என்றார். கடைசியில் போட்டது மூன்று வரிதான்: என் பேரில் ஒரு வீடியோ வந்தால் திறக்க வேண்டாம். பணம் கேட்டு மிரட்டுகிறார்கள். போலீசில் பராதி கொடுக்கிறேன். மிச்சம் அவர்களுக்குத் தேவையில்லை என்றார் அக்கா.

மறுநாள் லீவு போட்டு என்னோடு ஸ்டேஷனுக்கு வந்தார். அங்கே பேச்சு மலையாளம்தான்; நான் திக்கித் திணறிய இடத்தில் அக்கா மலையாளத்தில் எடுத்துக் கொடுத்தார். நீங்கள் யார் என்று அங்கிருந்த பெண் போலீஸ் கேட்டதற்கு, பக்கத்து வீடு என்றார். அவ்வளவுதான்.

அவர்கள் அனுப்பவே செய்தார்கள். மூன்று பேருக்குப் போனது. அத்தை மகன் திறக்காமல் அழித்துவிட்டதாகச் சொன்னான். மானேஜர் என்னைக் கூப்பிட்டு வேலையைக் கவனி என்றார். மூன்றாவது ஆள் லயத்துக்காரன், அவன் பார்த்ததோடு நாலு பேருக்குக் காட்டவும் செய்தான். ஒரு வாரம் நான் தலைகுனிந்து நடந்தேன். பதில் வராததால் மிரட்டியவர்கள் பத்தே நாளில் ஓய்ந்துவிட்டார்கள். லயம் அப்படி ஓயவில்லை. பேச்சு என்னை விட்டுவிட்டு அக்காவைப் பிடித்துக்கொண்டது. வாசகம் வாசிக்கிற பையனுக்கு இந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தது வீடியோக்காரிதான் என்றார்கள். இல்லாவிட்டால் அவள் ஏன் ஸ்டேஷன் வரைக்கும் போகிறாள் என்றார்கள்.

மகளிர் குழுவில் அக்காவை வரச் சொன்னார்கள். அங்கன்வாடிக் கட்டடத்தில் ஞாயிறு மத்தியானம் கூட்டம். நான் வெளியே ஜன்னலோரம் நின்றேன். குழுவின் செயலாளர், எங்கள் பிள்ளைமடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவர், கண்டிப்பான மனுஷி, அவர்தான் பேசினார். தினமும் யாரோடு பேசுகிறாய், என்ன பேசுகிறாய் என்று கேட்டார். இங்கிலீஷ் என்றார் அக்கா. அந்தப் பையன் வீடியோவில் என்ன செய்தான் என்று உனக்குத் தெரியுமே, சொல் என்றார். சொல்லியிருந்தால் பழி அந்த நிமிஷமே அக்காவை விட்டு இறங்கியிருக்கும்.

“அது என் கதை இல்ல” என்றார் அக்கா. செயலாளர் மறுபடியும் கேட்டார். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு என்னைத் தாண்டி நடந்து போய்விட்டார். உள்ளே ஒரே சத்தம்.

நான் உள்ளே போனேன். பெண்கள் கூட்டத்தில் ஆண் நுழைகிற வழக்கம் கிடையாது. யாரும் போகச் சொல்லும் முன் பேசிவிட வேண்டும் என்று பேசினேன். கோயிலில் வாசிக்கிற குரல் வரவில்லை.

“வீடியோவ எடுத்தது நான். வச்சிருக்கலாம், வைக்கல. பாக்கணும்னு இருந்துச்சு, பாத்தேன். அக்கா எனக்கு எதையும் சொல்லிக் குடுக்கல. சொல்லிக் குடுத்திருந்தா முதல் நிமிஷமே வச்சிருப்பேன். இன்னைக்கு நான் உயிரோட நிக்குறது அவுக என்னயக் கூப்பிட்டதாலதான்.”

என் அம்மாவும் அந்தக் கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார் என்பதை அப்போதுதான் பார்த்தேன். அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார்.

மறுநாள் நாலு மணிக்கு அக்கா வழக்கம்போலத் தொட்டிக்கு வந்தார். முந்திய நாள் கூட்டத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. யாரோ ஒரு தாத்தாவோடு மீன் குழம்பு வைப்பதைப் பற்றி இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார். அப்போது குழுச் செயலாளர் பாதை ஏறி வந்தார். நேராக வரவில்லை, அங்கே இங்கே நின்று, பூவைப் பார்ப்பது போலப் பார்த்து, கடைசியில் தொட்டிக்கு அருகில் வந்து நின்றுகொண்டார். முந்தானைக்குள் இரண்டு கையையும் வைத்திருந்தார். அவருடைய மகள் கோயம்புத்தூரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள், முந்தின வாரம் திடீரென்று லயத்துக்கு வந்தவள் வெளியே தலைகாட்டவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அக்கா அவர் முகத்தை ஒரு முறை பார்த்தார். பேசிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். கல்லில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். செயலாளர் உட்கார்ந்ததும் முந்தானைக்குள்ளிருந்து ஒரு போனை எடுத்தார், பின்பக்கம் பூனைப் படம் ஒட்டிய ஒரு இளம்பெண்ணின் போன். அதை அக்காவின் மடியில் வைத்தார்.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். “தம்பி, நீங்க வீட்டுக்குப் போங்க.”

போனேன். அடுத்த இரண்டு நாளும் அக்கா ரிசார்ட்டுக்கு லீவு. செயலாளரும் மகளும் அக்காவும் காலையில் ஜீப்பில் ஏறிப் போய்ச் சாயங்காலம் வந்தார்கள். மாதம் பிறந்ததும் அந்தப் பெண் திரும்பக் கல்லூரிக்குப் போனாள். படிப்பை முடித்தாள், இப்போது வேலையில் இருக்கிறாள், கிறிஸ்துமஸுக்கு அம்மாவுக்குப் புடவை எடுத்து வருகிறாள். லயத்தில் பலவிதமாகப் பேசிப் பார்த்தார்கள். செயலாளர் வாய் திறக்கவில்லை. அக்கா இங்கிருந்து மாறிப்போகும் வரை நானும் இரண்டு மூன்று முறை சுற்றிவளைத்துக் கேட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் மழை வருகிறதா பாருங்கள் என்றார். அந்தப் போனில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.